பென்னாகரத்துல இருந்து வெளிநாட்டுல எம்.எஸ்சி.: முன்பணம் 75,000 கட்டலாமா?

பென்னாகரத்துக்காரி

எல்லாருக்கும் வணக்கம். ஊர் பென்னாகரம் பக்கம், வேலை ஓசூர்ல. தம்பி அரசு கலைக் கல்லூரில பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம். இதுவரைக்கும் 78 சதவீதம் வச்சிருக்கான். சின்ன வயசுல இருந்தே வானம், நட்சத்திரம்னா அவனுக்கு உயிர். வெளிநாட்டுல வானியல்ல எம்.எஸ்சி. படிக்கணுங்கறான்.

அப்பா கிணறு வெட்டற வேலை. இப்ப நம்ம பக்கம் கிணறு யார் வெட்டறாங்க, எல்லாம் போர்வெல்தான். அதனால பெங்களூர்ல பில்டிங்குக்கு அஸ்திவாரம் தோண்டப் போறார். மாசத்துல ரெண்டு தடவை வீட்டுக்கு வருவார்.

போன ஞாயித்துக்கிழமை ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். "நூறு சதவீதம் ஸ்காலர்ஷிப் கேரண்டி, முன்பணம் 75,000 கட்டுங்க"ன்னாங்க. எந்த யூனிவர்சிட்டின்னு கேட்டேன். பணம் கட்டினப்புறம் சொல்றோம்னு பதில். புதன்கிழமைக்குள்ள முடிவு சொல்லணுமாம். அம்மா தோட்டை வச்சாவது கட்டிடலாம்ங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல. நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளைங்களுக்கு நிஜமாவே ஸ்காலர்ஷிப் உண்டா? உண்டுன்னா எங்க இருந்து ஆரம்பிக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

அரூர் கணக்கு வாத்தியார்

கட்டாதேம்மா. தோடு அம்மா காதிலேயே இருக்கட்டும்.

முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். உதவித்தொகையைக் கொடுப்பது அரசாங்கமோ பல்கலைக்கழகமோ. அதை இன்னொருவர் "கேரண்டி" கொடுக்க வழியே கிடையாது. விண்ணப்பம் போடுவதற்கே காசு கேட்காத திட்டங்கள்தான் பெரிய திட்டங்கள். கன்சல்டன்சிக்காரர்கள் பல பேருக்கு அந்தந்தக் கல்லூரியே கமிஷன் கொடுக்கிறது. அதனால் கமிஷன் தருகிற கல்லூரியைத்தான் காட்டுவார்கள். உன் தம்பிக்கு எது பொருந்தும் என்பது அவர்கள் கணக்கில் வராது.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். தப்பாக நினைக்காதே, திட்டங்களே அப்படித்தான் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. சாதிச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது? வருமானச் சான்றிதழ் எவ்வளவுக்கு, எந்தத் தேதியில் வாங்கியது?

---

ஊத்தங்கரை அப்பா

வாத்தியார் சொல்றதக் கேளும்மா. நான் கட்டி ஏமாந்தவன். பெரிய பையனுக்காக மூணு வருஷம் முன்னாடி ரெண்டு தவணையா 1,40,000 கொடுத்தேன். கடைசில ஒரு அட்மிஷன் லெட்டர் வந்துச்சு. அதுல ஸ்காலர்ஷிப்னு போட்டிருந்தது என்னன்னா, ஃபீஸ்ல பத்து சதவீதம் தள்ளுபடி. மீதி தொண்ணூறு சதவீதத்துக்கு நான் நிலத்தை விக்கணும். பையன் போகல. பணமும் திரும்பல. அந்த ஆபீஸ் இருந்த மாடில இப்ப செல்போன் கடை இருக்கு.

---

பென்னாகரத்துக்காரி

சார், தப்பா நினைக்க என்ன இருக்கு. நாங்க போயர். சான்றிதழ்ல டி.என்.சி.னு இருக்கு, தம்பி ஆறாவது படிக்கும்போது வாங்கினது. வருமானம் 96,000னு போட்டது, ரெண்டு வருஷம் ஆச்சு. அண்ணா, உங்க பதிலை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். தோட்டைக் கழட்டல.

---

பாலக்கோடு இ-சேவை

அக்கா, ரெண்டு சான்றிதழும் இப்படியே வச்சா மத்திய அரசு உதவித்தொகைக்கு உதவாது. விவரமா சொல்றேன், இந்த வேலையைத்தான் தினமும் பண்றேன்.

வருமானச் சான்றிதழுக்கு ஆயுசு ஒரு வருஷம்தான். புதுசு வாங்கணும், இ-சேவைல கட்டணம் 60 ரூபாய்.

சாதிச் சான்றிதழ்லதான் விஷயமே இருக்கு. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போயர் சீர்மரபினர் பட்டியல்ல வர்றாங்க, அதாவது வெள்ளைக்காரன் காலத்துல குற்றப்பரம்பரைனு முத்திரை குத்தின சாதிங்க பட்டியல். மாநில அரசு சலுகைக்கு அதை டி.என்.சி., அதாவது சீர்மரபினர் வகுப்புனு எழுதினாங்க. மத்திய அரசுத் திட்டத்துக்கு டி.என்.டி., அதாவது சீர்மரபினர் பழங்குடினு இருக்கணும். ஒரே சாதிக்கு ரெண்டு பேர்ல சான்றிதழ் தரலாம்னு 2019 மார்ச்ல அரசாணை வந்துச்சு. அப்புறம் 2024ல டி.என்.டி.னு ஒரே சான்றிதழா தர்றோம்னு அறிவிச்சாங்க. உங்க தம்பி கையில இருக்கறது அதுக்கெல்லாம் முந்தினது. டெல்லில அதைப் பாக்கறவங்களுக்கு டி.என்.சி.ன்னா என்னன்னே புரியாது, ஓரமா வச்சிடுவாங்க.

பழைய சான்றிதழ், அப்பாவோட சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், டி.சி. எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. மனு போடும்போதே "மத்திய அரசு உதவித்தொகைக்காக"ன்னு காரணம் எழுதிடலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. ரெண்டு பேரையும் நேர்ல பாத்துச் சொல்லிடுங்க. அப்பா ஊர்ல இருக்கற நாளாப் பாத்து விசாரணை வந்தா நல்லது.

---

அரூர் கணக்கு வாத்தியார்

இ-சேவைத் தம்பி சொன்னது பொன்னான செய்தி. அது ஏன் முக்கியம் என்று நான் சொல்கிறேன்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை என்று ஒன்று உண்டு. வருஷத்துக்கு 125 பேர். அதில் 115 இடம் பட்டியல் சாதிகளுக்கு, 6 இடம் சீர்மரபினர், நாடோடிப் பழங்குடிகளுக்கு, 4 இடம் நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. மொத்தத்தில் 30 சதவீதம் பெண்களுக்கு. முதுகலை, முனைவர் பட்டம் இரண்டுக்கு மட்டும்தான். இளங்கலைக்குக் கிடையாது. 35 வயதுக்குள் இருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், முந்தைய பட்டத்தில் 60 சதவீதம். உன் தம்பிக்கு மூன்றும் சரி.

கிடைத்தால் கல்விக் கட்டணம், விமான டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் அவர்களே. வாழ்க்கைச் செலவுக்கும் வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தருவார்கள். லண்டன் மாதிரி ஊரில் அது இழுத்துப் பிடிக்க வேண்டிய தொகை. சின்ன ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சமாளிக்கலாம்.

இப்போது கஷ்டமான பக்கம். இந்தியா முழுக்க ஆறே இடம். கியூ.எஸ். உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்கிற நிறுவனமாக இருக்க வேண்டும். அங்கிருந்து நிபந்தனையில்லாத அட்மிஷன் கடிதம் கையில் இருக்க வேண்டும். "கடைசி செமஸ்டர் மதிப்பெண் வந்ததும் உறுதி செய்கிறோம்" என்று எழுதின கடிதத்தை ஏற்க மாட்டார்கள். 2022ல் கொண்டுவந்த மாற்றத்தால் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த தலைப்புகளை விலக்கிவிட்டார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு அது பெரிய அடி, எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். இயற்பியலுக்கு அந்தத் தடை இல்லை.

இன்னொன்றும் மறைக்கக் கூடாது. 2025-26க்கு 106 பேரைத் தேர்வு செய்துவிட்டு முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். அட்மிஷனையும் வாங்கி, தேர்வும் ஆகி, கடிதத்துக்காகக் காத்துக் கிடந்த அந்தப் பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. ஆகவே இந்த ஒன்றை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

---

மாந்தோப்பு

நான் காவேரிப்பட்டணம். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். எராஸ்மஸ் முண்டஸ்ல ரெண்டு வருஷம் உணவுத் தொழில்நுட்பம் படிச்சிட்டு வந்தேன். முதல் தடவை நிராகரிச்சாங்க, ரெண்டாவது தடவை கிடைச்சது.

இது ஐரோப்பிய ஒன்றியத்தோட உதவித்தொகை. சாதி, வருமானம் எதுவும் கேக்க மாட்டாங்க, வயசு வரம்பும் கிடையாது. ஃபீஸ் இல்ல, மாசம் 1,400 யூரோ, 24 மாசம் வரைக்கும். நம்ம காசுல ஒன்னேகால் லட்சத்துக்கு மேல. குறைஞ்சது ரெண்டு நாட்டுல படிக்கணும். பெரும்பாலான படிப்புக்கு விண்ணப்பம் அக்டோபர்ல இருந்து ஜனவரிக்குள்ள முடிஞ்சிடும், கடைசி வருஷம் படிக்கும்போதே போடலாம். தம்பிக்குன்னே வச்ச மாதிரி வானியற்பியல்ல மாஸ்னு ஒன்னு இருக்கு. ரோம், பெல்கிரேட், பிரேமன், நீஸ்னு நாலு ஊர்ப் பல்கலைக்கழகங்க சேர்ந்து நடத்தறது.

ஆனா மூணு வருஷ பி.எஸ்சி.ங்கறதை மனசுல வச்சுக்கங்க. இங்கிலாந்துல மூணு வருஷப் பட்டத்தை ஏத்துக்குவாங்க. அமெரிக்காவுல நிறைய இடத்துல நாலு வருஷம் கேப்பாங்க. ஐரோப்பால படிப்புக்குப் படிப்பு மாறும், ஒவ்வொன்னுக்கும் மெயில் போட்டுக் கேக்கணும். கேட்டா பதில் போடுவாங்க, பயப்படவே வேணாம்.

நான் தோத்த கதையைச் சொல்றேன், அதுலதான் உங்களுக்குப் பிரயோஜனம். முதல் வருஷம் நெட்ல ஒரு மாதிரிக் கட்டுரையைப் பாத்து எழுதினேன். "சிறு வயது முதலே அறிவியல் மீது தீராத ஆர்வம்"னு தொடங்கும். அந்த வரியை என்னை மாதிரி எத்தனை ஆயிரம் பேர் எழுதியிருப்பாங்களோ. ரெண்டாவது வருஷம் எங்க ஊரை எழுதினேன். ஜூன் மாசம் எங்க பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி வாசல்ல பெங்களூரா மாங்கொட்டை ஆள் உயரத்துக்குக் குவிஞ்சு கிடக்கும். ஈ மொய்க்கும், லாரி வர்ற வரைக்கும் நாறும். எங்க அம்மா சீசன்ல அங்க தோல் சீவற வேலைக்குப் போவாங்க, சாயங்காலம் வந்தா புறங்கையெல்லாம் பால் பட்டு வெந்திருக்கும். அந்தக் கொட்டைல எவ்வளவு மாவுச்சத்து, எவ்வளவு கொழுப்பு வீணாப் போகுது, அதை வச்சு நான் என்ன பண்ணணும்னு நினைக்கறேன்னு எழுதினேன். இண்டர்வியூல முழுக்க அந்தக் குவியலைப் பத்தித்தான் கேட்டாங்க.

பரிந்துரைக் கடிதம் அடுத்தது. "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்"னு சொல்ற பேராசிரியர்கிட்ட வாங்காதீங்க, வேற வழி இருந்தா. தம்பியை உண்மையா தெரிஞ்ச ஒருத்தர் வேணும். மூணு அறிவியல் அகாடமிங்க சேர்ந்து கோடைகால ஆராய்ச்சித் திட்டம் ஒன்னு நடத்தறாங்க. நாட்டுல எந்த மூலைல இருக்கற கல்லூரி மாணவனும் போடலாம், உதவித்தொகையோட ரெண்டு மாசம் ஒரு விஞ்ஞானிகிட்ட வேலை செய்யலாம். அவர் கொடுக்கற கடிதத்துக்கு இருக்கற மதிப்பே தனி.

இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. உதவித்தொகை கிடைச்ச பிறகும் கைக்காசு வேணும். முதல் மாசப் பணம் அங்க போயி, பதிவு பண்ணி, பேங்க் அக்கவுண்ட் திறந்த பிறகுதான் வரும். டிக்கெட், விசா, வீட்டு அட்வான்ஸ், முதல் மாசச் சாப்பாடு எல்லாம் நம்ம கையில இருந்து. எனக்கு ரெண்டு லட்சம் ஆச்சு. அம்மாவோட மகளிர் குழுவுல எடுத்தோம், அங்க போன நாலாவது மாசத்துல இருந்து நானே கட்டினேன்.

---

பர்கூர் காலேஜ்

ஜெர்மனில இருந்து எழுதறேன். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரில படிச்சேன்.

இங்க அரசுப் பல்கலைக்கழகங்கள்ல பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்துல நம்மள மாதிரி வெளியாளுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. "ஜெர்மனில படிப்பு இலவசம்"னு போஸ்டர் ஒட்டறவங்க அடுத்த வரியை ஒட்ட மாட்டாங்க. விசாவுக்கு முடக்கக் கணக்குன்னு ஒன்னுல ஒரு வருஷச் செலவு 11,904 யூரோ போட்டுக் காட்டணும். ஏறக்குறைய 12 லட்சம். அது நம்ம பணம்தான், மாசாமாசம் எடுத்துச் செலவு பண்ணலாம். ஆனா மொதல்ல மொத்தமா இருக்கணும். அதுக்கு முன்னாடி நம்ம படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தர்ற ஏ.பி.எஸ். சான்றிதழ், அதுக்கு 18,000 ரூபாய். 2022 நவம்பர்ல இருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம்.

நான் கல்விக்கடன் வாங்கித்தான் வந்தேன். நாலு லட்சம் வரைக்கும் ஈடு கேக்கக் கூடாது, ஏழரை லட்சத்துக்கு மேல போனா சொத்து ஈடு கேப்பாங்க. எங்க வீட்டுப் பட்டா தாத்தா பேர்ல இருந்துச்சு. பெயர் மாத்தி வாங்கறதுக்குள்ள ஒரு அட்மிஷன் கைவிட்டுப் போயிடுச்சு.

தம்பிக்கு என் யோசனை வேற. அறிவியல் படிக்கறவங்களுக்கு இருக்கற பெரிய ஸ்காலர்ஷிப், பி.எச்டி. தான். ஜெர்மனி, நெதர்லாந்துலயெல்லாம் பி.எச்டி. மாணவர்னா பெரும்பாலும் சம்பளம் வாங்கற ஊழியர். எம்.எஸ்சி.யை பெரியார் பல்கலைக்கழகத்துலயோ, ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.லயோ முடிச்சிட்டு பி.எச்டி.க்கு வந்தா வீட்டுக்குக் கடனே இல்ல. ரெண்டு வருஷம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

---

ஊத்தங்கரை அப்பா

பர்கூர் தம்பி சொன்னதுதான் சரி. கூலி வேலை செய்யறவன் தலைல 12 லட்சம் கடன ஏத்தக் கூடாது. பையன் அங்க போய் வேலை கிடைக்கலன்னா வட்டி இங்க ஓடும். நம்ம ஊர்லயே படிக்கட்டும்.

---

மாந்தோப்பு

அண்ணா, உங்க வலி புரியுது. ஆனா "நம்ம ஊர்லயே படிக்கட்டும்"ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். வசதியான வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுக்குப் போகும்போது அவங்க அப்பாகிட்ட யாரும் இந்தக் கேள்வியைக் கேக்கறதில்ல. கடன் வேணாம்னா சரி, நானும் அதைத்தான் சொல்றேன். முழு உதவித்தொகை இருக்கற இடத்துக்கு மட்டும் போடட்டும். கிடைக்கலன்னா இங்க எம்.எஸ்சி. சேரட்டும், அடுத்த வருஷமும் போடட்டும். விண்ணப்பம் போட எனக்கு ஆன செலவு ஆங்கிலத் தேர்வுதான். ஐ.இ.எல்.டி.எஸ். கட்டணம் பதினேழு, பதினெட்டாயிரம் வரும், மதிப்பெண் ரெண்டு வருஷம் செல்லும். அதனால அவசரப்பட்டு இன்னைக்கே எழுத வேணாம், நல்லா தயாராகி எழுதட்டும். "ஆங்கில வழியில் படித்தார்"னு கல்லூரி கொடுக்கற கடிதத்தையே ஏத்துக்கற பல்கலைக்கழகங்களும் இருக்கு.

---

சித்தேரி மலை

அண்ணா, அக்கா, நடுவுல கேக்கறதுக்கு மன்னிச்சுக்கங்க. நான் மலையாளிப் பழங்குடி, எஸ்.டி. பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு ரெண்டு வருஷமா வேலை செய்யறேன். எங்க மலைக்கு பஸ்ஸே நாளுக்கு எண்ணி வரும், இதெல்லாம் யாரும் வந்து சொன்னதில்ல. எனக்கு ஏதாவது வழி இருக்கா?

---

அரூர் கணக்கு வாத்தியார்

இருக்கும்மா. சித்தேரியில் இருந்து இறங்கி அரூரில் தங்கிப் படித்த பிள்ளைகள் பல பேர் என் வகுப்பில் இருந்தார்கள். பஸ் போய்விட்டால் நடந்தே ஏறுவார்கள்.

மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்துக்குத் தனியாக ஒரு வெளிநாட்டு உதவித்தொகை உண்டு. வருஷத்துக்கு 20 பேர், அதில் 3 இடம் மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு. குடும்ப வருமானம் 6 லட்சத்துக்குள்.

அதைவிட உனக்கு நான் முதலில் சொல்வது நம் மாநிலத் திட்டம். அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கானது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை. கலெக்டர் ஆபீஸில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்தில் போய் இந்தப் பெயரைச் சொல்லிக் கேள். "அப்படி ஒன்று இல்லை" என்று யாராவது சொன்னால் திரும்பி வராதே, அடுத்த மேஜைக்குப் போ.

இரண்டு வருஷ வேலை அனுபவம் இருப்பதால் செவனிங்கும் பார். பிரிட்டிஷ் அரசு கொடுப்பது, ஒரு வருஷ முதுகலை. 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், முழுநேர வேலை என்றால் ஏறக்குறைய இரண்டு வருஷம். படித்து முடித்து இரண்டு வருஷம் இந்தியாவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மலைக்குத் திரும்பப் போகிற நர்ஸுக்கு அது ஒரு நிபந்தனையாகவே படாது. முதல் வேலையாக உன் மருத்துவமனையில் அனுபவச் சான்றிதழை, வேலை நேரம் குறிப்பிட்டு, இப்போதே எழுதி வாங்கு. வேலையை விட்ட பிறகு கேட்டால் அலைய விடுவார்கள்.

பிளஸ் டூ பிள்ளைகள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு வரி. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை பள்ளி முடித்தவர்களுக்கும் உண்டு. கட்டணம் இல்லை, மாதம் 1,17,000 யென். கணக்கில் தேர்வு வைப்பார்கள். நம் மாதிரிப் பள்ளிப் பிள்ளைகள் தைவான் வரைக்கும் போயிருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து வெளிநாட்டின் புகழ்பெற்ற நிறுவனத்தில் இடம் வாங்குகிறவர்களுக்கு முதல் பயணச் செலவை மாநில அரசே ஏற்பதாக அறிவித்திருக்கிறது, தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

---

காரிமங்கலம் எம்.பி.சி.

எல்லாம் நல்ல விஷயம்தான், சந்தோஷம். எங்க நிலைமையையும் சொல்றேன். எங்க அப்பாவும் கூலிதான், தக்காளி மண்டில மூட்டை தூக்கறார். எம்.பி.சி.ங்கறதால மத்திய அரசு, மாநில அரசு ரெண்டுலயும் இந்த மாதிரி முழு உதவித்தொகை எங்களுக்கு இல்ல. அடுத்தவங்களுக்குக் கொடுக்கறதைக் குறை சொல்லல, அவங்க பட்டது எங்களுக்கும் தெரியும். எங்களுக்கும் கொஞ்சம் வைக்கலாமே.

---

அரூர் கணக்கு வாத்தியார்

நியாயமான கோரிக்கை தம்பி. தர்மபுரி மாதிரி மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகள் உன் நிலையில்தான் இருக்கிறார்கள். உங்களுக்கு இருப்பது கடன் வழி. பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் டாப்செட்கோ கல்விக்கடன் கேட்டுப் பார், சிறுபான்மையினருக்கு டாம்கோ. இரண்டும் மாநில அரசின் கடன் கொடுக்கும் கழகங்கள். வங்கியைவிட வட்டி கம்மி. ஆனால் கடன் கடன்தான், உதவித்தொகை ஆகாது. எராஸ்மஸ், மெக்ஸ்ட், செவனிங் மூன்றும் சாதி பார்க்காதவை, உனக்கும் திறந்தே இருக்கின்றன.

---

பென்னாகரத்துக்காரி

மூணு வாரம் கழிச்சு எழுதறேன். கன்சல்டன்சில இருந்து நாலு தடவை போன் வந்துச்சு, வேணாம்னு சொல்லிட்டோம்.

டி.என்.டி.னு போட்ட சான்றிதழ் வந்துடுச்சு. ஆர்.ஐ. விசாரணைக்கு வந்த அன்னைக்கு அப்பா ஒரு நாள் கூலியை விட்டுட்டு ராத்திரி பஸ்ல வந்தார். சான்றிதழை ரெண்டு கையிலயும் வாங்கிப் பாத்துட்டு, "இதுக்கு நம்ம சாதி பேரு உதவுதா"ன்னு கேட்டார். எனக்குப் பேச்சே வரல.

இப்ப பாஸ்போர்ட்ல ஒரு சிக்கல். டென்த் மார்க்‌ஷீட்ல தம்பி பேருக்கு முன்னாடி இனிஷியல் "எம்". அப்பா பேர் அதுல முனுசாமி. ஆதார்ல முனிசாமி. பாஸ்போர்ட் ஃபாரத்துல இனிஷியலுக்கு இடமே இல்ல, சர்நேம் கேக்குது. என்ன போடறது?

---

பாலக்கோடு இ-சேவை

பாஸ்போர்ட்டுக்கு இன்னும் கட்டணம் கட்டலைல்ல அக்கா? நல்லது, நிறுத்துங்க.

இனிஷியலை அப்படியே போடக் கூடாது, விரிச்சு எழுதணும். கிவன் நேம்ல தம்பி பேர், சர்நேம்ல அப்பா பேர். அதுக்கு முன்னாடி அப்பா பேரு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஆகணும். டென்த் மார்க்‌ஷீட்டை மாத்தறதுக்கு நாள் ஆகும், ஆதாரை மாத்தறது சுலபம். அதனால மார்க்‌ஷீட்ல இருக்கற முனுசாமியையே வச்சுக்கங்க, அப்பா ஆதாரை அதுக்குத் தகுந்த மாதிரி திருத்திடலாம். அப்புறம் ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக். இங்கிலீஷ் எழுத்துல ஒரு எழுத்துகூட மாறக் கூடாது, யு போடற இடத்துல ஓ வந்தாலும் விசாக்காரன் கேள்வி கேப்பான். கட்டணம் 1,500. டென்த் பாஸ்ங்கறதால, வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி வேணும்ங்கற ஈ.சி.ஆர். முத்திரை வராது.

அப்பா எப்ப வர்றார்? கைரேகை வைக்க அவர் நேர்ல வரணும்.

---

மாந்தோப்பு

அதோட சேத்து ஒன்னு. பல்கலைக்கழகத்துல டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு, அதாவது எல்லா செமஸ்டர் மார்க்கும் சேர்ந்த பட்டியலுக்கு, இப்பவே மனு போடுங்க, இதுவரை முடிஞ்ச செமஸ்டருக்கு. சேலம் போய்த்தான் கேக்கணும், ஒரே நாள்ல வராது. நான் டிசம்பர்ல போட்டுட்டு ஜனவரி கடைசி தேதிக்கு ஒவ்வொரு நாளும் போன் பண்ணிட்டு இருந்தேன்.

அப்புறம், தம்பி கட்டுரை எழுதிட்டானா? அவனையே இங்க எழுதச் சொல்லுங்க.

---

பென்னாகரத்துக்காரி

தம்பிதான் எழுதறேன், அக்கா போன்ல இருந்து. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆங்கிலத்துல எழுதறதுக்கு முன்னாடி தமிழ்ல எழுதிப் பாத்தேன். ஆரம்பம் இதுதான், சரியா இருக்கான்னு சொல்லுங்க.

"என் அப்பா கிணறு வெட்டுபவர். ஆழமான கிணற்றின் அடியில் இருந்து பார்த்தால் பகலிலும் நட்சத்திரம் தெரியும் என்று அவர் சொல்வார். அவருக்கு அவருடைய அப்பா சொன்னது. எனக்குப் பதினோரு வயதில், வெட்டி முடிக்காத ஒரு கிணற்றில் கயிறு பிடித்து என்னை இறக்கினார். அறுபது அடி. மேலே வானம் ஒரு தட்டு அளவுக்கு இருந்தது. நட்சத்திரம் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். அப்பாவுக்குத் தெரியவில்லை, என் ஆசிரியருக்கும் தெரியவில்லை. கல்லூரியில் ஒளிச்சிதறல் படித்தபோதுதான் புரிந்தது. வானத்தை எவ்வளவு சின்னதாக வெட்டிப் பார்த்தாலும் அந்தத் துண்டின் வெளிச்சம் குறைவதில்லை, நட்சத்திரத்தின் ஒளி அதில் மூழ்கிவிடுகிறது."

அடுத்த பத்தில காவலூர் வான் ஆய்வகம் பத்தி எழுதலாம்னு இருக்கேன். ரெண்டாவது வருஷம் ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியா போய் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பாத்தேன். 2.3 மீட்டர் கண்ணாடி.

---

மாந்தோப்பு

தம்பி, ஒரு எழுத்தை மாத்தாத. "ஆசிரியருக்கும் தெரியவில்லை"ங்கறதையும் எடுக்காத. காவலூர்ல என்ன பாத்தன்னு எழுதாத, என்ன கேட்டன்னு எழுது. அந்த ஆய்வகம் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தோடது. கோடைகாலத் திட்டத்துக்குப் போடும்போது அங்க இருக்கற ஒருத்தரைத்தான் நீ கேக்கணும்.

---

அரூர் கணக்கு வாத்தியார்

ஆசிரியருக்குத் தெரியவில்லை என்பது இருக்கட்டும் தம்பி. என் வகுப்பில் நீ கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

ஆங்கிலத்தில் எழுதியதும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை அரூர் வா. பஸ் ஸ்டாண்டில் இருந்து நடக்கிற தூரம்தான் வீடு. வாக்கியம் வாக்கியமாகப் பார்ப்போம். சித்தேரிப் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவளுடைய அனுபவச் சான்றிதழையும் பார்த்துவிடலாம்.

---

பாலக்கோடு இ-சேவை

ஞாயிறு சார்கிட்ட போயிட்டு, திங்கள் காலைல அப்பாவோட கடைக்கு வந்துடு தம்பி. ஒன்பதரைக்குள்ள வா, அதுக்கு மேல சர்வர் இழுக்கும். அப்பாவோட ஆதார் அசல், உன் டென்த் மார்க்‌ஷீட் அசல். அப்பா கை ரொம்பத் தேஞ்சிருந்தா ரேகை எடுக்காது, கல்லு மண்ணு வேலை செய்யற நிறையப் பேருக்கு அப்படித்தான். முந்தின நாள் ராத்திரி விரல்ல தேங்காய் எண்ணெய் தடவி ஊற விடச் சொல்லு. அப்பவும் எடுக்கலன்னா கண்ணை வச்சுப் பாத்துக்கலாம்.